மாட்டுக் கொட்டகையில் கட்டியிருந்த கார்

அன்றைக்கு அந்தக் கொட்டகையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலிலேயே சரியாகச் சொல்லிவிடுகிறேன். என்னை ஏன் எழுதவில்லை என்று யாரும் பிறகு போன் பண்ணக் கூடாது.

நான். என் வீட்டுக்காரர் கன்னியப்பன். மினி லாரி அவருடையது. கோட்டக்குப்பம் சலீம் பாய், இன்ஜின் வேலை பார்ப்பவர். இடத்துக்குச் சொந்தக்காரர் ஏழுமலை அண்ணன். அவர் மனைவி அஞ்சலை அக்கா. மெட்ராஸிலிருந்து வந்திருந்த வெள்ளைச் சட்டைக்காரர். அவருடைய ஆட்கள் இரண்டு பேர். ஆக மொத்தம் எட்டு. அது தவிர மூன்று கறவை மாடு, ஒரு கன்று, அடைகாத்துக்கொண்டிருந்த கோழி ஒன்று.

கோழி காருக்குள் இருந்தது.

இடம் ஓமந்தூர் தாண்டி, திண்டிவனத்துக்குப் போகும் பஸ் இரண்டு வேளை மட்டும் எட்டிப் பார்க்கும் ஒரு கிளைச் சாலை. கொட்டகையில் முதல் மூன்று முளைகளில் மாடுகள் கட்டியிருந்தன. நாலாவது முளையில் கார் கட்டியிருந்தது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. முன்பக்க பம்பரில் மாட்டுக் கயிறு சுற்றி, முளையில் நிஜமான முடிச்சு போட்டிருந்தது. முகப்பு விளக்கு இரண்டிலும் பழைய குங்குமப் பொட்டு. பானெட்டின் மேல் மல்லாட்டை மூட்டை, வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர். மாட்டு மூத்திர வாடைக்குள் எங்கேயோ மெலிதாகப் பெட்ரோல் வாடை.

இரண்டே சீட்டு. மேலே கூரை கிடையாது. சைக்கிள் சக்கரம் மாதிரி கம்பி வைத்த சக்கரம். மூக்கு நீளம், வால் குட்டை. பந்தயத்தில் ஓடுவதற்கென்று எந்த தேசத்திலோ செய்தது, இங்கே புண்ணாக்கு வாசனையில் நின்றது. கம்பெனிப் பெயரை இந்தத் தொடரில் எழுத மாட்டேன். எழுதினால் நாளைக் காலையில் பாதி மெட்ராஸ் ஓமந்தூரில் வந்து இறங்கும். ஏற்கெனவே ஒருவர் இறங்கிவிட்டார். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

"இதுக்கு மீதி எங்க?"

விழுப்புரத்தில் எங்களுக்கு ஒரு குஷன் கடை இருப்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: கார், வேன், ஆட்டோ, டிராக்டர், எதுவாக இருந்தாலும் சீட்டு தைப்பேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவள். ஆளைப் பார்த்தால் எடை போடத் தெரியாது. அவர் உட்கார்ந்த சீட்டைப் பார்த்தால் ஓரளவு சொல்வேன்.

ஏழுமலை அண்ணன் ஒரு நாள் சாக்கில் சுற்றிய சீட்டோடு வந்தார். கறுப்பு ரெக்சின், அங்கங்கே எலி கடித்தது.

"டிராக்டர் சீட்டுல ஸ்பிரிங்கு குத்துதும்மா. இது வூட்ல சும்மா கெடக்குது. இத்த வெட்டி அதுக்குப் பொருந்துற மாதிரி தைச்சுக் குடு."

"எதுலருந்துண்ணா கழட்டினது?"

"எங்க அண்ணன் வண்டிலருந்து."

ரெக்சினைப் பிரித்தேன். அதற்குள் இன்னொரு ரெக்சின். அதையும் பிரித்தேன். அதற்கும் கீழே ஆட்டு ஈரல் நிறத்தில் தோல் இருந்தது. நிஜத் தோல். நகம் நுழையாத தையல். ஓரத்தில் ஓடிய பைப்பிங் ஒரு இடத்தில்கூடச் சுளிக்கவில்லை. உள்ளே ஸ்பாஞ்சு இல்லை, குதிரை முடி. திருப்பிப் பார்த்தால் அடிக்கட்டையில் பென்சிலால் எழுதிய நாலு இலக்க எண். யாரோ ஒரு தையல்காரர், எங்கோ, எனக்கு முன்னால், இது எந்த வண்டிக்குப் போகிறது என்று மறந்துவிடக் கூடாதே என்று பயந்து எழுதிவைத்த எண். நானும் அப்படித்தான் எழுதிவைப்பேன்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். வந்த வேலையை வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"அண்ணா, இதுக்கு மீதி எங்க?"

"எதுக்கு மீதி?"

"இந்த சீட்டுக்கு. காரு."

"அது கொட்டாயில கட்டிக் கெடக்குது," என்றார். பேச்சுவாக்கில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சலீம் பாய் மல்லாட்டைக் கொல்லையில் நின்றது

அந்த ஞாயிற்றுக்கிழமையே சலீம் பாயைக் கூட்டிக்கொண்டு போனேன். பாய் மஸ்கட்டில் பதினெட்டு வருஷம் ஒரு பணக்காரர் வீட்டு கேரேஜில் இருந்துவிட்டு வந்தவர். இப்போது கோட்டக்குப்பத்தில் சின்னதாக ஒரு ஷெட்.

பானெட்டைத் தூக்கினார். எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் ஒரு தகட்டைத் துடைத்தார். "சீட்டுல என்ன நம்பரும்மா பாத்த?" என்றார். சொன்னேன். மறுபடியும் துடைத்தார். பிறகு வெளியே போய் மல்லாட்டைக் கொல்லைக்கு நடுவில் நின்றுகொண்டார்.

நெஞ்சு வலியோ என்று நான் பின்னாலேயே ஓடினேன்.

"அதே நம்பரும்மா. எதையும் மாத்தல. பொறந்த ஒடம்போட கீது," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மஸ்கட்ல எங்க மொதலாளி இதே வண்டி வச்சிருந்தாரு. பதினெட்டு வருஷம் தொடச்சேன். ஒரு நாள் ஓட்டு பாய்னு சொல்லல," என்றார்.

இது ஏழுமலை அண்ணனின் அண்ணனுக்கு வந்த விதம்: அவர் பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் டிரைவராக இருந்தார். அந்த மனிதர் ஊரைக் காலி பண்ணும்போது சம்பள பாக்கிக்குக் காரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பேர் மாற்றிய ஆர்.சி. புத்தகம்கூட இருந்தது. அந்த அண்ணன் இறந்து பல வருஷம். கல்யாணம் ஆகாதவர். ஹேண்ட்பிரேக் பிடிக்காமல் கார் சாணிக் கால்வாய்ப் பக்கம் உருண்டு வர, ஒரு நாள் கயிற்றில் கட்டினார்கள். அதோடு அது மாடுகளோடு சேர்ந்துவிட்டது. மாட்டுப் பொங்கலுக்கு அதற்கும் புதுக் கயிறு, அதற்கும் பொட்டு.

ஏழுமலை அண்ணன் மூன்றே கால் லட்சம் சொன்னார். சலீம் பாய் என் காதில், "ஜல்தி அட்வான்ஸ் குடுத்துடு," என்றார்.

நான் கொடுக்கவில்லை. என் சுபாவம் அது. வாரிசுச் சான்றிதழ் சரியாக இருக்கிறதா? அடிச்சட்டம் துருப்பிடித்து ஒடிந்துவிட்டால்? மாதச் சீட்டு கட்டி எடுத்த பணம் இரண்டு லட்சம், நகை வைத்து ஒன்றே கால். இது இரண்டும் போய்விட்டால் அடுத்த மாத வாடகை? இதைச் சரி பண்ண முடியாமல் எங்கள் ஷெட்டிலும் ஒரு முளை அடித்துக் கட்டிவைக்க வேண்டி வந்தால்? ஒரு வாரம் டைம் கேட்டேன். ஏழுமலை அண்ணன் சரி என்றார்.

ராத்திரியெல்லாம் கணக்கைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். கூடவே இன்னொன்றும் நடந்தது: ஆட்டோ சீட்டு தைத்துக்கொண்டிருக்கும்போது கை தானாக அந்த ஈரல் நிறத் தோலைத் தேடியது. எத்தனை வருஷமாகப் புதுசைத் தைக்கிறேன். யாரோ நன்றாகச் செய்ததைத் திரும்ப எழுப்புகிற வேலை ஒரு தடவைகூட என் கைக்கு வந்ததில்லை. அது இன்னொருவர் கைக்குப் போய்விட்டால் இனி வராது என்று தெரிந்தது.

ஒரு ஸ்டேட்டஸ்

காரியம் கெட்டது என் வீட்டுக்காரரால். போய்ப் பார்த்துவிட்டு வந்த போட்டோவை அவர் போனுக்கு அனுப்பியிருந்தேன். மனிதர் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். கும்பிடுகிற கை இரண்டு, ரோஜாப்பூ ஒன்று, "நம்ம வூட்டுக்கு வரப்போற புது மருமக" என்று ஒரு வரி. பின்னால் ஊர்ப் பால் சொசைட்டி போர்டு தெளிவாகத் தெரிந்தது.

அவருக்கு லாரி ஆபீஸ் ஆட்கள் நூறு பேரின் நம்பர் தெரியும். அதில் ஒருவருக்கு மெட்ராஸில் ஒருவரைத் தெரியும்.

"இன்னாமே, சந்தோசத்துல வச்சிட்டேன்," என்றார், விஷயம் தெரிந்த அன்று. தெரிந்தது எப்படி என்றால், நாங்கள் பணத்தோடு போய் இறங்கியபோது வாசலில் பெரிய ரெக்கவரி வண்டி நின்றுகொண்டிருந்தது.

எட்டு கிலோ கயிறு

அதற்கு முன்னால், போகிற வழியில் நடந்த ஒரு சண்டையைச் சொல்ல வேண்டும்.

காரை லாரியில் பலகை போட்டு ஏற்றிக் கட்டிக் கொண்டுவருவதாக ஏற்பாடு. லாரியில் நைலான் கயிறு இருந்தது. அதை நான் விழுப்புரத்திலேயே பிரித்துப் பார்த்தேன். மூன்று இடத்தில் நைந்திருந்தது. விக்கிரவாண்டி தாண்டும்வரை பொறுத்தேன். அதற்கப்புறம் முடியவில்லை. திண்டிவனத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"இதுல நான் மூணு டன் செங்கல்லு கட்டிருக்கேன்," என்றார் வீட்டுக்காரர்.

"செங்கல்லு வுழுந்தா வேற செங்கல்லு வாங்கலாம்."

"பாய், நீங்களாச்சும் சொல்லுங்க."

"நான் எதுக்குப்பா நடுவுல? பேஜாரு," என்று சலீம் பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கயிற்றுக் கடையில் மணிக்கட்டு தடிமனில் தேங்காய் நார்க் கயிறு எடுத்தேன். எட்டு கிலோ. கடைக்காரர் பில் வேண்டாமே என்றார். அறுந்தால் திருப்பித் தர வேண்டுமே என்று பில் கேட்டு வாங்கினேன். ஓமந்தூர்வரை வீட்டுக்காரர் அந்தக் கயிற்றைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார். தேர் இழுக்கப் போறோமா, கப்பல் கட்டப் போறோமா என்று ஒவ்வொரு மைலுக்கும் ஒன்று.

"வளக்கவா, அறுக்கவா?"

மெட்ராஸ்காரரைப் பற்றித் தப்பாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மரியாதையான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கொட்டகைக்குள் நின்றார். ஆனால் அவர் சொன்ன தொகை ஐந்து லட்சம்.

ஏழுமலை அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. துண்டால் முகத்தை ரொம்ப நேரம் துடைத்தார். "நீ அட்வான்ஸ் குடுத்திருந்தா பேச்சே இல்லம்மா," என்றார்.

என் பையில் மூன்றே கால் லட்சம் இருந்தது. ரெக்சின் பையில் போட்டு, அதைப் புடவையோடு ஊக்கு குத்தி வைத்திருந்தேன். அந்த ஊக்கை மட்டும் தடவிக்கொண்டு நின்றேன்.

"வெளிச்சத்துல ஒரு தடவை பாத்துட்டு முடிச்சிடலாங்க," என்றார் மெட்ராஸ்காரர். அவருடைய ஆட்கள் பம்பர் பக்கம் குனிந்தார்கள். முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. ஒருவர் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார்.

அஞ்சலை அக்கா அதுவரைக்கும் அந்தக் கோடியில் கன்றுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வாளியைக் கீழே வைத்தார்.

"யாரு அறுத்தது?"

"முடிச்சு வரலீங்கம்மா," என்றார் அந்த ஆள்.

அக்கா இரண்டு துண்டுக் கயிற்றையும் பொறுக்கிச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார். அப்புறம் மெட்ராஸ்காரரிடம் கேட்டார்: "நீங்க கயிறு கொண்டாந்திருக்கீங்களா?"

"கயிறு எதுக்கும்மா? வின்ச் இருக்கு. பட்டனை அழுத்தினா தானா மேல ஏறிடும்."

"வளக்கவா, அறுக்கவா?"

அவருக்குப் புரியவில்லை. ஏழுமலை அண்ணன் சங்கடத்தோடு விளக்கினார். "மாடு விக்கிறப்ப கேக்கிறதுங்க. வச்சு ஓட்டப்போறீங்களா, பிரிச்சுப் போடப்போறீங்களான்னு கேக்குறா."

அந்த மனிதர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக இன்றைக்கும் அவர் மேல் எனக்கு மரியாதை. "என்கிட்ட இதே வண்டி ஒண்ணு இருக்கும்மா. பாடி அருமையா இருக்கு, இன்ஜின்தான் வேற போட்டுருக்கு. இதுல இருக்கிறதை அதுல வச்சா அது முழுசாயிடும். மீதி…" என்றார். மீதியைச் சொல்லவில்லை.

"கயிறு இல்லாம வேன எடுத்துக்கினு வர்றது அடிமாட்டுக்காரந்தான்," என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. கன்றுக்குத் தண்ணீர் போதும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"அஞ்சல, அஞ்சு லட்சம்," என்றார் ஏழுமலை அண்ணன்.

"எனக்கும் எண்ணத் தெரியும். நான் இந்த வூட்டுக்கு எதுல வந்தேன்? ரெண்டே சீட்டு. ஒண்ணுல இவரு அண்ணன், பெரியவரு ஓட்டிக்கினு, ஒண்ணுல நானு. தாலி கட்டினவரு திண்டிவனத்துலருந்து சைக்கிள்ல பின்னாடி வந்தாரு."

"நடுவுல பஞ்சர் வேற," என்றார் அண்ணன், தன்னை அறியாமல்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ கொண்டாந்தியா?"

கெடாரில் ஒரு பசு

இந்த இடத்தில் கதையை நிறுத்துவது நியாயமில்லைதான். ஆனால் அந்தக் கேள்வி காதில் விழுந்தபோது நானே அங்கே இல்லை. நான் பிறந்த கெடாரில், எங்கள் வீட்டு வாசலில் இருந்தேன்.

எட்டாவது படிக்கும்போது அப்பா பசுவை விற்றார். வாங்க வந்தவர் தோளில் புதுக் கயிறு போட்டுக்கொண்டு வந்தார். விற்கிறவன் கயிற்றைக் கொடுக்க மாட்டான். மாடு போகலாம், கயிறு அந்த வீட்டில் தங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். அப்பா எங்கள் கயிற்றை அவிழ்த்தார். வந்தவர் தன் கயிற்றைக் கட்டினார். பசு வித்தியாசம் தெரியாமல் போயிற்று. எங்கள் கயிறு ஆணியில் தொங்கியது.

அடுத்த திங்கட்கிழமை என்னைக் குஷன் கடைக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடப் பையை அதே ஆணியில்தான் மாட்டிவிட்டுப் போனேன். வேறு ஆணி எங்கள் வீட்டில் கிடையாது.

அவ்வளவுதான். கொட்டகைக்குத் திரும்புகிறேன்.

பில் இருக்கு

"இருக்கு அக்கா," என்றேன்.

"பழசா?"

"புதுசு. இன்னிக்குக் காலையிலதான் வாங்கினது. பில்லு இருக்கு."

பில்லை எடுத்து நீட்டினேன். அதை யாரும் கேட்கவில்லை. எனக்குப் பயம் வந்தால் ஏதாவது ஒரு காகிதத்தை நீட்டிவிடுவேன். அதற்குள் வீட்டுக்காரர் லாரிக்கு ஓடி, எட்டு கிலோவையும் தோளில் போட்டுக்கொண்டு, சாமி தூக்கி வருகிற மாதிரி வந்து நின்றார். ஓமந்தூர்வரை சிரித்த ஆள்.

நான் வழக்கத்துக்காக வாங்கவில்லை அக்கா, பயத்தில் வாங்கினேன் என்று சொல்லிவிட நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். வாழ்க்கையில் என் பயத்தால் எனக்கு நஷ்டம் மட்டும்தான் வந்திருக்கிறது. ஒரு தடவை லாபம் வரும்போது கணக்குக் கேட்பானேன்?

"ஓட வைப்பியா?"

"வைப்போம் அக்கா." நான் 'வைப்பேன்' என்று சொல்லாமல் பாயைச் சேர்த்துக்கொண்டதைக் கவனித்தார்.

"எவ்ளோ நாளு?"

"ஒரு வருசம் குடும்மா," என்றார் சலீம் பாய். "இன்ஜின் என் பொறுப்பு. நான் பொய் சொன்னா கோட்டக்குப்பத்துக்கு வந்து கேளு."

ஓட வைத்ததற்கப்புறம் விற்பாயா என்று அக்கா கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கு நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஏழுமலை அண்ணன் பாவம். "அஞ்சுன்ற சத்தம் காதுல வுழுந்துடுச்சும்மா. இனிமே மூணே காலுக்கு மனசு வரல," என்றார். அதுவும் நியாயம்தான். மூன்றே முக்கால் என்று நின்றார். என்னிடம் அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. ஊக்கு குத்திய இடம் வியர்த்துவிட்டது.

வீட்டுக்காரர் ஒரு ஓரமாகத் திரும்பி நின்று சட்டைக்கு உள்பையில் கையை விட்டார். லாரிக்குப் பின் டயர் இரண்டு மாற்ற வைத்திருந்த பணம். முப்பத்தைந்தாயிரம். அவர் அதை எப்போது எடுத்துவந்தார் என்று எனக்குத் தெரியாது.

"டயரு?" என்றேன்.

"ஸ்டேட்டஸ் வச்சவன் நானு," என்றார். அவ்வளவுதான் பேசினார்.

மூன்று லட்சத்து அறுபதாயிரம் ஆயிற்று. மீதிக்கு அக்கா ஒரு தீர்ப்பு சொன்னார். கறவை மாடு வாங்குகிறவர்கள், சொன்ன பாலைக் கறந்து பார்க்கும்வரை கொஞ்சம் பணம் பிடித்துவைப்பது வழக்கம். அக்கா அதை எங்கள் தலையில் திருப்பிப் போட்டார்.

"இது தன் கால்ல நடந்து இந்தக் கொட்டாய்க்கு வந்து நிக்கட்டும். அன்னிக்கு மீதிய வாங்கிக்கிறேன். அதுக்கு முன்னால கொண்டாந்து நீட்டினா வாங்க மாட்டேன்."

கடன் இருக்கிறது, பணம் கிடைத்தாலும் அடைக்க முடியாது. என்னைப் போன்ற ஆளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கண்டுபிடிக்க முடியாது.

எட்டுப் பேர் இழுத்தது

ரேஷன் கார்டோடு பாலித்தீன் கவரில் இருந்த ஆர்.சி. புத்தகம் கைக்கு வந்தது. வாரிசுச் சான்றிதழை நான் மூன்று தடவை படித்தேன். கோழியை முட்டைகளோடு கூடைக்கு மாற்ற முயன்றதில் ஏழுமலை அண்ணனுக்குப் புறங்கையில் ஒரு கொத்து. எடுத்துப் போன சீட்டு இருந்த பள்ளத்தில்தான் அது கூடு கட்டியிருந்தது. ஒரு வகையில் இந்த விற்பனையில் நஷ்டப்பட்டது அது ஒன்றுதான்.

புதுக் கயிற்றை அக்காவே வாங்கி, பம்பரில் முதல் முடிச்சைப் போட்டார். இன்னொரு நுனியை லாரியின் முன்பக்கக் கம்பியில் சுற்றிவிட்டு இழுக்கத் தொடங்கினோம். சக்கரம் நாலில் இரண்டு சுற்றவில்லை. மெட்ராஸ்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். அவருடைய ஆட்களும் வந்தார்கள். வெள்ளைச் சட்டை சாணிச் சட்டை ஆயிற்று.

"ஏங்க, ஒங்க வின்ச்சு…" என்று வீட்டுக்காரர் மெதுவாக ஆரம்பித்தார்.

"கயித்துலயே இழுங்க," என்றார் அக்கா.

இழுத்தோம். முன் சக்கரம் பலகையில் ஏறியபோது பலகை முனகியது. என் உயிரும் முனகியது. கயிறு முனகவில்லை.

கிளம்பும்போது மெட்ராஸ்காரர் என் கையில் தன் நம்பர் எழுதிய துண்டுக் காகிதத்தைக் கொடுத்தார். "பார்ட்ஸ் எது வேணும்னாலும் கேளுங்கம்மா. என்கிட்ட ரெண்டா இருக்கிறதை ஒண்ணு தர்றேன்," என்றார். சொன்னபடி இதுவரை இரண்டு முறை தந்திருக்கிறார்.

விக்கிரவாண்டியில்

கார் லாரியில் உருண்டுவிடும் என்று எனக்குப் பயம். எட்டு கிலோ கயிற்றால் நாலு மூலையும் கட்டியாயிற்று, இருந்தாலும் பயம். காருக்குள் உட்கார்ந்து வருகிறேன் என்றேன். டிரைவர் சீட்டில் ஏறப் போனவள், கீழே நின்ற சலீம் பாயைப் பார்த்தேன். கதவைத் தடவிக்கொண்டு நின்றார்.

"பாய், நீங்க ஓட்டுங்க," என்றேன்.

"வண்டி நிக்குதேம்மா."

"லாரி ஓடுது இல்ல?"

நான் கோழி இருந்த பள்ளத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்தேன். பாய் ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஓமந்தூரிலிருந்து விழுப்புரம்வரை அவர் அதை விடவில்லை. லாரி இடப்பக்கம் திரும்பினால் அவரும் இடப்பக்கம் திருப்பினார். திண்டிவனம் பாலத்தில் ஏறும்போது கியர் குச்சியை மாற்றினார். முன்னால் பஸ் வந்தபோது காலால் பிரேக்கைத் தேடினார்; அதே நேரம் என் காலும் தேடியது. காற்றில் அவருடைய தாடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பதினெட்டு வருஷம் துடைத்த மனிதர்.

பின்னால் வந்த லாரிகள் முந்தாமல் ஹாரன் அடித்துக்கொண்டே கூட வந்தன. ஒரு காலேஜ் பஸ்ஸே ஜன்னல் பக்கம் சாய்ந்தது. நான் முதலில் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு, நாமென்ன திருடிக்கொண்டா போகிறோம் என்று நிமிர்ந்தேன். முந்தானை பறந்தது. பறக்கட்டும் என்று விட்டேன். அதைப் பிடிக்காமல் விட்டது என் கணக்கில் பெரிய விஷயம்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் கவுண்டரில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். கீழே லாரி, லாரி மேல் கார், காரில் தாடி வைத்த டிரைவர், பக்கத்தில் சாக்கில் நான்.

"அக்கா, இப்ப எந்த வண்டி போவுது?" என்றாள்.

"இன்னிக்கு ஒண்ணுக்குப் போட்டுக்கோம்மா," என்றார் சலீம் பாய் மேலேயிருந்து. "அடுத்த வருசம் ரெண்டும் தனித்தனியா வரும்."

அவள் சிரித்துக்கொண்டே கட்டையைத் தூக்கினாள். கட்டை மேலே போனபோது, யாரோ எனக்கு மரியாதை செலுத்துவதுபோல் இருந்தது. இப்படியெல்லாம் நினைக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. அன்றைக்கு நினைத்தேன்.

அக்காவின் போன்

இதெல்லாம் நடந்து எட்டு மாதம் ஆகிறது. காரின் அடிச்சட்டத்தில் துருப்பிடித்த இரண்டு இடத்தை வெட்டி வெல்டிங் வைத்தாயிற்று. அந்த ஈரல் நிறத் தோலை நான் மாற்றவில்லை. எண்ணெய் கொடுத்துக் கொடுத்து அதையே எழுப்பினேன். பிரிந்திருந்த இடத்தில் மட்டும் பழைய துளைகளிலேயே ஊசியை விட்டுக் கையால் தைத்தேன். அடிக்கட்டையில் அந்தப் பென்சில் எண்ணுக்குக் கீழே என் பெயரையும் சின்னதாக எழுதினேன். யாராவது என்றைக்காவது பிரித்துப் பார்ப்பார்கள்.

வாரம் ஒரு தடவை அஞ்சலை அக்கா போன் பண்ணுவார். "கறக்குதா?" என்பார். "இன்னும் இல்ல அக்கா," என்பேன். வைத்துவிடுவார்.

போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து சலீம் பாய் சாவியைத் திருகினார். இருமியது. மறுபடி திருகினார். கொட்டகை வைக்கோல் தூசி முழுவதையும் புகையாகக் கக்கிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஷெட் தகரம் அதிர்ந்தது. வீட்டுக்காரர் போனை எடுத்தார், நான் பிடுங்கிக்கொண்டேன். ஸ்டேட்டஸ் இப்போது வேண்டாம். அக்காவுக்குப் போன் போட்டு இன்ஜின் பக்கம் நீட்டினேன்.

நாலு நிமிஷம் ஓடியது.  லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். இன்ஜினை அணைத்த பிறகுதான் அக்காவின் குரல் வந்தது.

"சரி. அவர சைக்கிளத் தொடச்சு வைக்கச் சொல்றேன்," என்றார்.

பிரேக் இன்னும் சரியாகவில்லை. லைட்டுக்கு ஒயர் இழுக்க வேண்டும். பொங்கலுக்குள் முடிந்துவிடும் என்கிறார் பாய். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பணம் ஈரல் நிறத்தில் மிஞ்சிய ஒரு துண்டுத் தோலில் தைத்த பையில் தயாராக இருக்கிறது. இன்றைய தேதிக்கு நாங்கள் கொடுக்க வேண்டிய பாக்கி, பதினைந்தாயிரம் ரூபாய்.